ரெயிலருக்குள் எந்தச் சூடு?

வணக்கம் நேயர்களே. இலை உதிரத் தொடங்கினால் போதும், ரெயிலர், அதாவது படுக்கவும் சமைக்கவும் வசதியோடு காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற சுற்றுலா வண்டி, வைத்திருக்கிற நண்பர்கள் என்னைப் பிடித்துவிடுவார்கள்: "கரண்ட் ஹீற்றர் நல்லதோ, காஸ் நல்லதோ?"

நானும் முதலில் கரண்ட் கட்சிதான். முகாமில் ஒரு இரவுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் கரண்டுக்குத் தனிக் காசில்லை. காஸ் முடிந்தால் நம்முடைய காசு. கெட்டித்தனம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நவம்பர், ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்கா. மியூ லேக் முகாம் குளிர்காலத்திலும் திறந்திருக்கும், கரண்டும் உண்டு. 1,500 வாற் ஹீற்றரைப் போட்டுவிட்டுப் படுத்தோம். வெளியே மைனஸ் 9, உள்ளே 20. நல்ல நித்திரை. விடியத் தேத்தண்ணிக்குக் குழாயைத் திறந்த மனைவி கூப்பிட்டாள்: "இஞ்சருங்கோ, தண்ணி வருதில்லை."

நடந்தது இதுதான். காஸை எரித்து ரெயிலரைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் ஊதுகிற சூட்டுக் காற்றில் ஒரு பங்கு, எங்களுடையதைப் போன்ற ரெயிலர்களில், தரைக்குக் கீழே தண்ணீர்த் தாங்கியும் குழாய்களும் இருக்கிற அறைக்கும் போகும். ஹீற்றர் நம் காலடியைச் சூடாக்கும், அவ்வளவுதான். அதைவிட மோசம், அறையின் சூட்டைப் பார்த்து ஃபேர்னஸைப் போட்டு நிறுத்துகிற தெர்மோஸ்ராற், அறை சூடாக இருந்ததால் ஃபேர்னஸை எழுப்பவே இல்லை! நாங்கள் போர்வைக்குள் வியர்க்க, கீழே குழாய் உறைந்துவிட்டது.

பலத்திலும் ஒப்பில்லை. 1,500 வாற் என்பது மணிக்கு ஏறக்குறைய 5,100 பி.ரி.யூ (சூட்டை அளக்கிற அலகு). 30,000 பி.ரி.யூ ஃபேர்னஸில் புகையோடு போவதைக் கழித்தாலும் நாலைந்து ஹீற்றருக்குச் சமம். 30 அம்பியர் இணைப்பில் கிடைப்பதோ மொத்தம் 3,600 வாற். இரண்டு ஹீற்றரைப் போட்டுவிட்டுக் கேத்திலையும் போட்டுப் பாருங்கள், பிறேக்கர் விழும்.

காஸுக்கும் குறை உண்டு. 20 இறாத்தல் சிலிண்டர், அந்த ஃபேர்னஸ் நிற்காமல் எரிந்தால், 14 மணித்தியாலம் தாங்கும். ஃபேர்னஸின் விசிறி 12 வோல்ற் பற்றரியில் ஓடுவது. கரண்ட் இல்லாத இடத்தில் பற்றரி செத்தால் காஸ் நிறைய இருந்தும் குளிர்தான். குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்து முன்னால் குந்துகிறவர்களையும் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஃபேர்னஸின் புகை வெளியே போகிறது, அடுப்பின் புகை உங்களோடேயே இருக்கிறது. அதில் வரக்கூடிய கார்பன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயுவுக்கு மணமில்லை.

இப்போது நான் செய்வது: உறைநிலைக்கு மேலே என்றால் ஹீற்றர் மட்டும். அதற்குக் கீழே இறங்கினால் படுக்கப் போகும்போது ஹீற்றரை நிறுத்திவிட்டு ஃபேர்னஸை 15இல் வைப்பேன். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழுள்ள அலுமாரிக் கதவைத் திறந்து விடுவேன். படுக்குமுன் சிலிண்டரின் ஒரு பக்கத்தில் சுடுதண்ணீர் ஊற்றி, மேலிருந்து கீழே கையால் தடவிப் பார்ப்பேன். சூடு முடிந்து சில்லென்று தொடங்குகிற இடம்வரைதான் காஸ் இருக்கிறது. அது அடியோடு ஒட்டியிருந்தால் அந்த இரவிலேயே மற்றச் சிலிண்டரைப் பூட்டிவிடுவேன். அதிகாலை மூன்று மணிக்கு ரோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிற அனுபவம் ஒருமுறை போதும்.