கொதிக்கும் தேநீரைத் தாங்கும் கண்ணாடி, தண்ணீர் பட்டதும் சிதறுவது ஏன்?

பினாங்கு பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தினமும் கொதிக்கக் கொதிக்கத் தே ஓ ஊற்றிக் குடிக்கும் மெல்லிய கண்ணாடிக் குவளைக்கு எதுவும் ஆகவில்லையாம். ஆனால் ஓவனிலிருந்து எடுத்த தடித்த கண்ணாடித் தட்டை, பாத்திரம் கழுவும் தொட்டியின் ஈரத்தில் வைத்ததும் அது சிறு சிறு துண்டுகளாகச் சிதறிவிட்டதாம். சூட்டுக்கென்றே விற்கப்படும் தட்டு ஏன் இப்படி உடைந்தது என்பது அவருடைய சந்தேகம்.

ஓவனின் சூட்டை அந்தத் தட்டு தாங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை உடைத்தது, அதன் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் இடையே திடீரென ஏற்பட்ட வெப்பநிலை வேறுபாடு. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். தேநீரை ஊற்றும்போது உட்புறம் விரிய முயன்று அமுக்கத்துக்கு உள்ளாகிறது, இன்னும் சூடேறாத வெளிப்புறமோ இழுவிசைக்கு உள்ளாகிறது. குவளை மெல்லியதாக இருந்தால் சூடு விரைவில் மறுபுறம் சேர்ந்து, அந்த வேறுபாடு தணிந்துவிடும். சூடான தட்டில் தண்ணீர் படும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது: குளிர்ந்த மேற்பரப்பு சுருங்க முயல, சூடான உட்பகுதி அதைச் சுருங்கவிடாது, எனவே இழுவிசை முழுவதும் அந்த மேற்பரப்பிலேயே விழுகிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருப்பதும் அங்கேதான். அமுக்கத்தை நன்றாகத் தாங்கும் கண்ணாடி இழுவிசைக்கு எளிதில் விட்டுக்கொடுத்துவிடும் என்பதால், திடீர்ச் சூட்டைவிடத் திடீர்க் குளிர்ச்சியே அதற்கு ஆபத்தானது.

எவ்வளவு விரியும், எவ்வளவு சுருங்கும் என்பதை வேதியியல் தீர்மானிக்கிறது. தூய சிலிக்காவில் சிலிக்கான் அணுக்களை ஆக்ஸிஜன் பாலங்கள் இறுக்கமாகப் பிணைத்திருப்பதால், ஒரு பாகை சூட்டுக்கு அது நீளத்தில் பத்து லட்சத்தில் 0.55 பங்குதான் விரியும். ஆனால் அதை உருக்க 1,700 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் சோடா (சோடியம் கார்பனேட்) சேர்க்கிறார்கள்; சோடா மட்டும் சேர்ந்தால் கண்ணாடி தண்ணீரில் கரையும் என்பதால் சுண்ணாம்பும் சேர்க்கிறார்கள். சோடியம் அந்தப் பாலங்களில் பலவற்றை அறுத்துப் பிணைப்பைத் தளர்த்திவிடுவதால், சாதாரணக் கண்ணாடி அதே கணக்கில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 9 பங்கு விரிகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷோட் உருவாக்கிய போரோசிலிக்கேட் கண்ணாடியில் உருக்கும் வேலையைப் போரான் ஆக்ஸைடு எளிதாக்குவதால், சோடா 4 விழுக்காடு அளவே போதும். அந்தச் சோடியமும் பெரும்பாலும் போரானோடு சேர்ந்து நிற்பதால் பாலங்கள் அதிகம் அறுபடுவதில்லை. அதன் விரிவு 3.3 பங்குதான். 1915இல் கார்னிங் நிறுவனம் பைரெக்ஸ் என்ற பெயரில் சமையலறைக்குக் கொண்டுவந்ததும் இவ்வகைக் கண்ணாடியைத்தான்.

சகோதரியின் தட்டு பெரும்பாலும் இவ்வகையாக இருந்திருக்காது. போரோசிலிக்கேட் உடைந்தால் பெரிய சில்லுகளாகத்தான் உடையும். சாதாரணக் கண்ணாடியை 600 பாகைக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால், மேற்பரப்பு நிரந்தர அமுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் உறைந்துவிடும். இதுவே டெம்பர்டு கண்ணாடி; சகோதரியின் தட்டு பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்திருக்கும். அந்த அமுக்கத்தை மீறினால்தான் கீறல் வாய் திறக்கும் என்பதால் இது சாதாரணக் கண்ணாடியைவிட அதிகம் தாங்கும், ஆனால் விரிவின் அளவு அதே 9 பங்குதான். விரிசல் ஒருமுறை உட்பகுதியைத் தொட்டுவிட்டால் தேங்கியிருக்கும் விசை முழுவதும் வெளிப்பட்டுத் தட்டே பொடிப்பொடியாகிவிடும். இதைப் போலிப் பொருள் என்று கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, உலகெங்கும் இவ்வகைத் தட்டுகள் விற்கப்படுகின்றன. அடுத்த முறை வாங்கும்போது அட்டைப்பெட்டியில் போரோசிலிக்கேட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எந்த வகையானாலும், ஓவனிலிருந்து எடுத்ததை உலர்ந்த துணியின்மீதோ மரப்பலகையின்மீதோ வைத்து ஆறவிட்ட பிறகே கழுவுங்கள்.