கடைக்கும் ஆபீஸுக்கும் நாஸ்: எத்தனை டிஸ்க், எந்த ரெய்டு?

[திரையில்: மேசை மேல ஒரு கம்ப்யூட்டர். பக்கத்துல யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க். அதுல செல்லோடேப் ஒட்டி, பேனாவால "எல்லா கிளையன்டும் – அழிக்காதே"ன்னு எழுதியிருக்கு.]

குரல்:
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல ஆறு பேர் வேலை பார்க்கிற ஒரு ஆடிட்டர் ஆபீஸ்னு வெச்சுக்குங்க. டேலி டேட்டா ஒரு கம்ப்யூட்டர்ல. ஸ்கேன் பண்ணின பில் எல்லாம் இன்னொண்ணுல. கிளையன்ட் அனுப்பின பி.டி.எஃப். யார் வாட்ஸ்அப்புக்கு வந்துச்சோ, அவங்க டவுன்லோடு ஃபோல்டர்ல. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கு ஆவணங்களை, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னோட கடைசித் தேதியிலிருந்து 72 மாசம் வெச்சிருக்கணும். நாஸ் டிஸ்க்குக்குக் கிடைக்கிற வாரண்டி பெரும்பாலும் 3 வருஷம். டிஸ்க்கைவிட அதுல இருக்கிற ஃபைலுக்கு ஆயுசு அதிகம். அதனால எந்த டிஸ்க்கா இருந்தாலும் ஒருநாள் போகும்னு எடுத்துக்கிட்டுத்தான் திட்டம் போடணும்.

இப்படிச் சிதறிக் கிடக்கிறதை ஒரே இடத்துல வைக்கத்தான் நாஸ். நாஸ்னா நெட்வொர்க் கேபிள் மாட்டுற ஒரு சின்னப் பெட்டி, உள்ளே ரெண்டோ நாலோ ஹார்ட் டிஸ்க். ரவுட்டர்ல இருந்து ஒரு கேபிள் இழுத்தா ஆபீஸ்ல இருக்கிற எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒரு டிரைவ் மாதிரி தெரியும். யாருக்கு எந்த ஃபோல்டர்னு பாஸ்வேர்டு போட்டுப் பிரிச்சுக் கொடுக்கலாம்.

ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிக்காதபடி டேட்டாவைப் பல டிஸ்க்ல பரப்பி வைக்கிற முறைதான் ரெய்டு. 1988ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூணு பேரும் எழுதின கட்டுரையில வந்த பேர். விலை அதிகமான ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலா, மலிவான பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டலாம்கிறதுதான் அவங்க சொன்னது.

கடைக்காரர் சொல்லாம விடுற ஒரு விஷயத்தை இப்பவே சொல்லிடுறோம். ரெய்டு பேக்கப் கிடையாது. தப்பா ஒரு ஃபோல்டரை டெலீட் பண்ணினா எல்லா டிஸ்க்லயும் அதே நொடியில போயிடும். ரான்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கிற வைரஸ், ஒரு ஃபைலைப் பூட்டினா, பூட்டின ஃபைல்தான் ரெண்டு டிஸ்க்லயும் இருக்கும். ரெய்டு காப்பாத்துறது வேலை நேரத்தை; டேட்டாவைக் காப்பாத்த பேக்கப்தான் வேணும். இருக்கிற பணம் முழுக்க நாலு டிஸ்க் பெட்டிக்குப் போயி, பேக்கப்புக்கு ஒண்ணும் மிஞ்சலைன்னா அந்த பட்ஜெட்டே தப்பு.

[திரையில்: ரெண்டு டிஸ்க். ஒரே பில்லோட படம் ரெண்டுலயும்.]

ரெய்டு 1, அதாவது மிரர். ரெண்டு டிஸ்க், ரெண்டுலயும் அதே டேட்டா. 4 டிபி டிஸ்க் ரெண்டு போட்டா கிடைக்கிற இடம் 4 டிபி. கம்ப்யூட்டர்ல அது 3.63ன்னுதான் காட்டும். கம்பெனி ஆயிரத்தால வகுத்துச் சொல்லுது, விண்டோஸ் 1024ஆல வகுக்குது, யாரும் ஏமாத்தலை.

நம்ம ஆடிட்டர் ஆபீஸுக்கு டேலி 40 ஜிபி, ஸ்கேன் 300 ஜிபி, வருஷத்துக்கு 60 ஜிபி கூடுதுன்னு வெச்சாலும் 5 வருஷத்துல 640 ஜிபிதான். ரெண்டு டிஸ்க் மிரர் தாராளமாப் போதும். பத்துப் பேர் வரைக்கும் இருக்கிற பெரும்பாலான ஆபீஸ், மருந்துக்கடை, கிளினிக் எல்லாத்துக்கும் இதுதான் எங்க பதில்.

[திரையில்: மூணு டிஸ்க். முதல்ல 5, அடுத்ததுல 7, மூணாவதுல 12.]

ரெய்டு 5க்குக் குறைஞ்சது மூணு டிஸ்க். திரையில பாருங்க: ஒண்ணுல 5, இன்னொண்ணுல 7, மூணாவதுல ரெண்டோட கூட்டுத்தொகை 12. நடு டிஸ்க் போச்சுன்னா 12ல இருந்து 5ஐக் கழிங்க, 7 திரும்ப வந்துடும். நிஜத்துல கூட்டலுக்குப் பதிலா எக்ஸ்-ஆர்ங்கிற பிட் கணக்கு நடக்குது, அந்த விடை ஒரே டிஸ்க்ல இல்லாம எல்லாத்துலயும் மாறி மாறி உட்காரும். எத்தனை டிஸ்க் போட்டாலும் ஒரு டிஸ்க் அளவு இடம் இதுக்குப் போயிடும். ரெய்டு 6ல ரெண்டு டிஸ்க் அளவு போகும், ஆனா எந்த ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்.

இது யாருக்கு? பாண்டிச்சேரி காமராஜ் சாலையில ஒரு கல்யாண ஸ்டூடியோன்னு வைங்க. 4கே வீடியோ 100 எம்பிபிஎஸ்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரெண்டு கேமரா, ஆறு ஆறு மணி நேரம்னா 540 ஜிபி. ரா ஃபோட்டோ 2000, ஒண்ணு 30 எம்பின்னா இன்னொரு 60. ஒரு கல்யாணத்துக்கு 600 ஜிபி, 25 கல்யாணத்துக்கு 15 டிபி. இங்க மிரர் பத்தாது. 8 டிபி டிஸ்க் நாலு போட்டா ரெய்டு 5ல 24 டிபி, ரெய்டு 6ல 16 டிபி.

24ஐப் பார்த்ததும் ஆசை வரும். கொஞ்சம் நில்லுங்க. ஒரு டிஸ்க் போயி புதுசு மாட்டினா, மீதி மூணு டிஸ்க்கையும் முதல்லருந்து கடைசி வரைக்கும் படிச்சுத்தான் புதுசை நிரப்ப முடியும். இதுக்குப் பேர் ரீபில்டு. 8 டிபியை நொடிக்கு 180 எம்பி வேகத்துல எழுதவே 12 மணி நேரம் தாண்டும். எடிட்டிங்கும் கூடவே நடந்தா ஒண்ணு ரெண்டு நாள் இழுக்கும். அந்த நேரம் முழுக்க ரெய்டு 5க்குத் துணை கிடையாது. பல நாஸ் டிஸ்க்கோட ஸ்பெக் ஷீட்ல, படிக்க முடியாத இடம் அதிகபட்சம் 12.5 டிபிக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கும். நடைமுறையில இதைவிட நல்லாவே ஓடும். ஆனாலும் நீங்க ஒரே மூச்சுல படிக்கப்போறது 24 டிபி. அதனால 8 டிபியும் அதுக்கு மேலயும் நாலு டிஸ்க்னா ரெய்டு 6தான். முடிஞ்ச கல்யாணத்தை டெலிவரி ஆனதும் ரெண்டு தனி டிஸ்க்ல காப்பி பண்ணி எடுத்து வெச்சுட்டா 16 டிபி தாராளம்.

நெட்வொர்க்கையும் பாருங்க. ஜிகாபிட் போர்ட்ல நொடிக்கு 110 எம்பி பக்கம்தான் வரும். ஆடிட்டர் ஆபீஸுக்கு அது ஏகப்பட்டது. நாஸ்ல இருந்தே எடிட் பண்ற ஸ்டூடியோவுக்கு நாஸ், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் மூணுலயும் 2.5 ஜிகாபிட் போர்ட் வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் பழைய வேகம்தான்.

[திரையில்: டிஸ்க் லேபிள், மாடல் நம்பர் மேல வட்டம்.]

டிஸ்க் வாங்கும்போது முதல்ல பார்க்க வேண்டியது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா. ரெண்டும் டிஸ்க்ல டேட்டா எழுதுற முறை. சிஎம்ஆர்ல தடங்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம தனித்தனியா இருக்கும். எஸ்எம்ஆர்ல தடங்கள், கூரை ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு ஓட்டை மாத்தணும்னா பக்கத்துல இருக்கிறதையும் கழட்டி மாட்டணும். ரீபில்டு நேரத்துல இது நத்தையா மாறும், சில சமயம் நாஸ் அந்த டிஸ்க்கையே வெளியே தள்ளிடும். 2020ல, நாஸ்க்குன்னே வித்த சில டிஸ்க்ல சொல்லாம எஸ்எம்ஆர் வெச்சிருந்தது தெரிய வந்து பெரிய பிரச்சினை ஆச்சு. சீகேட் அயர்ன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ் ரெண்டும் சிஎம்ஆர். வெறும் ரெட்டுக்கும் ரெட் பிளஸுக்கும் வித்தியாசம் இருக்கு, பில்லுலயே "பிளஸ்" இருக்கான்னு பாருங்க.

சிசிடிவி கடையில கண்காணிப்பு கேமரா டிஸ்க்கைக் காட்டி "இதுவும் 24 மணி நேரம் ஓடும் சார்"னு சொல்வாங்க. ஓடும். ஆனா அது வீடியோ விடாம எழுதுறதுக்காகச் செஞ்சது. சாதா டெஸ்க்டாப் டிஸ்க்கும் வேணாம்: படிக்க முடியாத இடம் வந்தா ரொம்ப நேரம் முட்டிக்கிட்டே இருக்கும், நாஸ் அது செத்துடுச்சுன்னு நினைச்சுக்கும். நாஸ் டிஸ்க் ஏழு எட்டு நொடியில விட்டுட்டு "முடியலை"ன்னு சொல்லும், ரெய்டு மத்த டிஸ்க்ல இருந்து எடுத்துக்கும்.

சீல் பிரிக்கிறதுக்கு முன்னாடி சீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்ல போட்டு, இந்தியாவுல வாரண்டி இருக்கான்னு பாருங்க. முடிஞ்சா ரெண்டு டிஸ்க்கை ரெண்டு கடையில வாங்குங்க. ஒரே லாட்ல வந்தது ஒரே சமயத்துல போகவும் வாய்ப்பிருக்கு.

[திரையில்: டிஸ்க் டிரே. முன்பக்கம் வெள்ளை ஸ்டிக்கர்ல 7K4P.]

இந்த ஸ்டிக்கருக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆகும். டிரேல மாட்டும்போதே சீரியல் நம்பரோட கடைசி நாலு எழுத்தை எழுதி டிரே முகத்துல ஒட்டுங்க. மூணு வருஷம் கழிச்சு பெட்டி "பீப் பீப்"னு கத்தும்போது, பதட்டத்துல நல்லா ஓடுற டிஸ்க்கை உருவிடுறதுதான் அடிக்கடி நடக்கிற விபத்து. நாஸ் ஸ்க்ரீன்ல போன டிஸ்க்கோட சீரியலைப் பாருங்க, ஸ்டிக்கரோட ஒத்துப் பாருங்க, பேக்கப் எடுங்க, அப்புறம் உருவுங்க. புது டிஸ்க் அதே அளவாவோ பெருசாவோ இருக்கணும்.

எல்லா டிஸ்க்கும் சொல்லாமச் சாகாது. டிஸ்க் தன்னோட உடல்நிலையைத் தானே குறிச்சு வைக்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட்டை நாஸ் மெனுல திறந்து, 5, 197, 198ங்கிற மூணு வரியையும் மாசம் ஒரு தடவை பாருங்க; கெட்டுப்போன இடங்களோட கணக்கு அது. பூஜ்யமா இருந்தது ஏறிக்கிட்டே போனா டிஸ்க்கை மாத்துங்க. 199 ஏறினா டிஸ்க் மேல சந்தேகப்படாதீங்க, இணைப்பைப் பாருங்க. நம்ம கடற்கரைக் காத்துல உப்பு ஜாஸ்தி. ஜன்னல் ஓரத்துல வெச்சா கனெக்டர்ல பச்சை பூக்கும். மூடின பீரோவுக்குள்ளயும் வேணாம், சூடு ஏறும். டிஸ்க் 45 டிகிரிக்குள்ள இருக்கிற மாதிரி இடம் பாருங்க.

அடுத்தது கரன்ட். ரெய்டு 5, 6ல டேட்டாவை எழுதி, கூட்டுத்தொகையை எழுதுறதுக்குள்ள கரன்ட் போச்சுன்னா ரெண்டும் ஒத்துப்போகாது. அது அப்போ தெரியாது, டிஸ்க் போகும்போதுதான் தெரியும். அதனால யு.பி.எஸ். கட்டாயம், அதுல யு.எஸ்.பி. போர்ட்டும் கட்டாயம். மலிவான 600 விஏ மாடல் பலதுல அந்த போர்ட்டே இல்லை. கேபிளை நாஸ்ல மாட்டி, "கரன்ட் போயி 10 நிமிஷத்துல தானா ஷட்டவுன்"னு செட் பண்ணுங்க. கடை இன்வெர்ட்டர் மட்டும் போதாதான்னு கேப்பீங்க. இன்வெர்ட்டர் பேட்டரி தீரப்போகுதுன்னு நாஸ்க்குச் சொல்ல ஆளில்லை. இன்வெர்ட்டருக்குப் பின்னாடி யு.பி.எஸ். மாட்டலாம், ஆனா இன்வெர்ட்டர் சைன் வேவ் மாடலா இருக்கணும். சதுர அலை வந்தா யு.பி.எஸ். அதைக் கெட்ட கரன்ட்டுன்னு நினைச்சு பேட்டரிக்குத் தாவிக்கிட்டே இருக்கும்.

இப்போ பேக்கப். முதல்ல நாஸ்ல ஸ்நாப்ஷாட்டை, அதாவது ஃபைல் எல்லாம் அந்த நேரத்துல இருந்த நிலையைப் பதிஞ்சு வைக்கிற வசதியை, ஆன் பண்ணுங்க: தினமும் ஒண்ணு, 30 நாள். தப்பா அழிச்சதுக்கும் ரான்சம்வேருக்கும் முதல் கை இதுதான். டேலி திறந்திருக்கும்போது ஃபோல்டரைக் காப்பி பண்ணாதீங்க, பாதி எழுதின ஃபைல் போயிடும். ஆல்ட்டோட ஒய் அழுத்தி, டேட்டா மெனுல டேலியோட சொந்த பேக்கப்பை எடுத்து நாஸ்ல போடுங்க. ரெண்டாவதா, ரெண்டு யு.எஸ்.பி. டிஸ்க். ஒரு வாரம் ஒண்ணு ஆபீஸ்ல, இன்னொண்ணு வீட்ல, வெள்ளிக்கிழமை மாத்துங்க. வெளியே போற டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணுங்க, பாஸ்வேர்டு இல்லாம யாரும் படிக்க முடியாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அதுல இருந்து ஒரு டேலி கம்பெனியை ரீஸ்டோர் பண்ணித் திறந்து பாருங்க.

மூணாவது காப்பி ஊரைத் தாண்டிப் போகணும். பாண்டி ஆபீஸோட பேக்கப்பைக் கடலூர் கிளையில வெச்சா போதும்னு தோணும். 2011 டிசம்பர் 30 அன்னைக்கு "தானே"ங்கிற புயல் கரை ஏறினது இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுலதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்தப்போ பாண்டியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை. அதனால கிளவுடோ, சேலத்துலயோ திருச்சியிலயோ இருக்கிற சொந்தக்காரங்க வீட்ல இன்னொரு சின்ன நாஸோ. 500 ஜிபியை 50 எம்பிபிஎஸ் அப்லோடுல அனுப்ப முதல் தடவை 22 மணி நேரம் ஆகும், அப்புறம் மாறினது மட்டும்தான் போகும். இதுக்காக ரவுட்டர்ல போர்ட் திறந்து நாஸை இன்டர்நெட்டுக்குக் காட்டாதீங்க. 2022ல டெட்போல்ட் ரான்சம்வேர் தேடித்தேடிப் பூட்டினது அப்படித் திறந்து கிடந்த நாஸைத்தான். வெளியேருந்து பார்க்கணும்னா விபிஎன், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பூட்டுப் போட்ட தனி வழி, போதும்.

[திரையில்: துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு.]

கடலூர் துறைமுகத்துல கூண்டு ஏத்தினாங்கன்னா அன்னைக்கே செய்யுங்க. பேக்கப்பை ஓட்டி முடிச்சு, யு.எஸ்.பி. டிஸ்க்கை "எஜெக்ட்" கொடுத்துக் கழட்டி ஜிப் கவர்ல போடுங்க. நாஸை மெனுல இருந்து ஷட்டவுன் பண்ணி, பவர் பிளக், நெட்வொர்க் கேபிள் ரெண்டையும் உருவுங்க. இடி இறங்கினா கேபிள் வழியாவும் வரும். தரைத்தளத்துல இருந்தா மாடிக்கு எடுத்துட்டுப் போங்க. பாண்டியில தண்ணி தேங்குற ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் ஆபீஸ்னா இதுல யோசிக்கவே வேணாம்.

மழை விட்டதும், பெட்டிக்குள்ள தண்ணி போயிருந்தா பவர் கொடுக்காதீங்க. வெயில்லயும் காய வைக்காதீங்க, அரிசியிலயும் போடாதீங்க. ஈரத்தோடவே கவர்ல போட்டு, சீரியல் நம்பரோட டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட கொடுங்க. தண்ணி போகலைன்னா, கரன்ட் வந்து ஒரு மணி நேரம் நிலையா இருந்த பிறகு ஆன் பண்ணி, முதல் வேலையா டேட்டா ஸ்க்ரப்பிங், அதாவது எல்லா டிஸ்க்லயும் டேட்டா ஒத்துப்போகுதான்னு நாஸே படிச்சுச் சரிபார்க்கிற வேலையை, ஓட விடுங்க.