கேன் தண்ணீரில் நின்றுபோன சைக்கிளிங்

வணக்கம். மண்டபத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் இரைவது கச்சான் காற்று. சன்னலைச் சாத்தினால் புழுங்கிச் சாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுதான் ஆக்சலாட்டலுக்கான தொட்டி. பல்லி போன்ற உருவத்தில் நீரிலேயே வாழும் விலங்கு அது. இன்னும் வாங்கவில்லை, ஐந்து வாரமாக வெறும் தண்ணீர்தான். ஆக்சலாட்டலின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். இந்தப் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சில் குடியேறும் வரை காத்திருப்பதைத்தான் சைக்கிளிங் என்கிறோம்.

மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரியில் பிறந்த இந்த விலங்குக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். நம் ஊரில் மதியம் தொட்டி நீர் 30 டிகிரி. ஆனால் பாக்டீரியாவுக்கு அந்தச் சூடு பிடிக்கும். அதனால் குளிரூட்டியை அணைத்தே வைத்திருந்தேன். மின்கட்டணமும் மிச்சம்.

விலங்கு இல்லாததால், அம்மோனியாவுக்கு முதலில் இறால் தலையைத் துணியில் கட்டிப் போட்டேன். தெருப் பூனைகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. அளவும் பிடிபடவில்லை. பிறகு அம்மோனியம் குளோரைடு வாங்கி 2 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு நீரில் 2 பங்கு) வரை கலந்தேன். இரண்டாம் வாரம் நைட்ரைட் ஏறியது. மூன்றாம் வாரம் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. தினமும் சோதனைக் குழாயில் அதே நிறம்.

குற்றம் என்னுடையதுதான். ஆழ்துளைக் கிணற்றில் உப்பு என்று, 20 லிட்டர் கேன் தண்ணீரையே ஊற்றி நிரப்பியிருந்தேன். சுத்திகரித்த அந்த நீரில் கார்பனேட் அநேகமாக இல்லை. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகும்; அதைத் தாங்கிக்கொள்வது கார்பனேட்தான். அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 6க்கு வந்துவிட்டது. அந்த அளவில் பாக்டீரியா ஏறத்தாழ வேலையை நிறுத்திவிடும்.

சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகக் கரைத்து ஏற்றினேன். விலங்கு உள்ளே இருக்கும்போது இதைச் செய்துவிடாதீர்கள். பி.எச். ஏறினால் அதே அம்மோனியா பல மடங்கு கொடியதாகிவிடும். பிறகு கரையில் கிடந்த சிப்பி ஓடுகளைக் கழுவி, கொதிக்கவைத்து, உடைத்து, வலைப்பையில் கட்டி வடிகட்டிக்குள் வைத்தேன். தொட்டியின் அடியில் பரப்பினால் ஆக்சலாட்டல் விழுங்கிவிடும். பவளக்கல் மட்டும் வேண்டாம், கீழே கிடந்தாலும் தொடாதீர்கள். மன்னார் வளைகுடாப் பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது.

இப்போது நீர் மாற்றுவதற்குக் குளோரின் நீக்கிய காவிரிக் கூட்டுக் குடிநீர். ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட மட்டும் கேன் தண்ணீர், உப்பு ஆவியாகாதே!

போன வாரம் 2 பிபிஎம் அம்மோனியா ஒரே நாளில் பூஜ்யமானது, நைட்ரைட்டும் பூஜ்யம். பாதிக்கு மேல் நீரை மாற்றி நைட்ரேட்டை 20 பிபிஎம்முக்குக் கீழே இறக்கினேன். நேற்றுக் குளிரூட்டியைப் போட்டு 18 டிகிரிக்குக் கொண்டுவந்து, மறுபடியும் அம்மோனியா கலந்தேன். இதோ, இன்றைய குழாய். லேசான பச்சை தெரிகிறதா? அம்மோனியா இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். குளிரில் பாக்டீரியா மெதுவாகிவிட்டது.

ஆக்சலாட்டல் விற்கும் கடைக்காரர் காலையில்கூட அழைத்தார். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.