அட்வான்ஸ் கொடுத்த பிறகு அந்தப் பணம் யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், நிறம் கேட்பார்கள், தரைவிரிப்பை இலவசமாகத் தருவீர்களா என்றுகூடக் கேட்பார்கள். "நான் கட்டுகிற அட்வான்ஸ் எந்தக் கணக்குக்குப் போகிறது? கார் என் கைக்கு வரும்வரை அது யாருடைய பணம்?" என்று கேட்டவரை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. நுகர்வோர் புகார்களைக் கையாளும் வழக்கறிஞன் நான். இந்த ஒரு கேள்வியை எல்லாரும் கேட்கும்படி செய்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆசை என்ன, பிடிவாதம் என்றே சொல்லலாம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த அந்த நொடியிலேயே, பெரும்பாலான இடங்களில், அது டீலரின் பணம். அவருடைய மற்றப் பணத்தோடு கலந்துவிடும். அதை எடுத்து வாடகை கொடுப்பார், சம்பளம் போடுவார், பழைய பாக்கியை அடைப்பார். உங்களிடம் மிஞ்சியிருப்பது அவர் சொன்ன சொல்லும் ஒரு ரசீதும்தான். சட்டத்தின் கண்ணில் நீங்கள் அவருக்கு வட்டியில்லாமல், ஈடில்லாமல் கடன் கொடுத்தவர். கடை திவாலானால் ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஊழியர் சம்பளம், வரி என்று வரிசை போகும். உங்கள் இடம் வரிசையின் கடைசிப் பக்கம். அங்கே வருவதற்குள் பெரும்பாலும் பானை காலி.

டீலர்கள் எல்லாரும் திருடர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அட்வான்ஸ் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஒரு காரை உங்களுக்காக ஒதுக்கி வைத்துவிட்டு, நாளை நீங்கள் மனம் மாறிவிட்டால், இடையில் வந்த வாடிக்கையாளரை அவர் இழந்திருப்பார். அதற்கு ஒரு சிறு தொகை போதும். காரின் விலையில் பாதியை முன்கூட்டியே கேட்கும்போதுதான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

பணத்தோடு மறைகிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, ஏமாற்றுவதற்கென்றே வந்தவர்கள். யாரோ விற்பனைக்குப் போட்ட காரின் படத்தை எடுத்துப் போடுவார்கள், விலையைச் சந்தையைவிடக் குறைத்துச் சொல்வார்கள், வெளிநாட்டில் வேலை, அவசரமாக விற்கிறேன் என்பார்கள். "பணத்தை எங்களிடம் தர வேண்டாம், நடுநிலையான ஒரு நிறுவனத்தில் கட்டுங்கள்" என்பார்கள். அந்த நடுநிலை நிறுவனமும் அவர்களுடையதாகவே இருக்கும். இந்த வகையிடமிருந்து தப்புவது ஓரளவு சுலபம். காரை நேரில் பார்க்காமல், தொட்டுப் பார்க்காமல் பணம் இல்லை என்று ஒரே பிடியாக நின்றுவிட்டால் போதும்.

இரண்டாவது வகைதான் எனக்குத் தூக்கம் கெடுப்பது. அங்கே எல்லாமே நிஜம். ஷோரூம் நிஜம், பெயர்ப்பலகை நிஜம், சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வரவேற்கும் ஊழியர்கள் நிஜம். அங்கே கார் வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் நிஜம்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கையில் ஒரு ஃபைல். தேதிவாரியாக அடுக்கி, ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு எழுதி, அவ்வளவு அழகான ஃபைலை வக்கீல்கள்கூட வைத்திருப்பதில்லை. இறக்குமதிக் கார் ஒன்றுக்குப் புக்கிங் செய்திருந்தார். மற்ற இடங்களைவிட விலை குறைவு. முதலில் விலையில் பத்தில் ஒரு பங்கு கட்டச் சொன்னார்கள், கட்டினார். பிறகு, "இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டால் இந்த விலையையே உங்களுக்கு உறுதி செய்துவிடலாம் சார், அடுத்த மாதம் ஏறப்போகிறது" என்றார்கள். மறுபடி கட்டினார். அப்புறம் கப்பல் தாமதம். அப்புறம் சுங்கத்தில் நிற்கிறது. அப்புறம் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார்கள். நேயர்களே, இந்த மரியாதையைக் கவனியுங்கள். நாம் கோபப்பட முடியாதபடி நம்மைக் கட்டிப்போடுவது அதுதான்.

ஒருநாள் ஷோரூமுக்கே போய்ப் பார்த்தார். அவர் கேட்ட அதே மாடல், அதே நிறத்தில், கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. சரி, எதுவும் வராவிட்டால் இதையாவது தருவார்கள் என்று நிம்மதியாகத் திரும்பிவிட்டார். கொஞ்ச நாளில் கதவில் பூட்டு. தொலைபேசி எடுப்பாரில்லை. ஒரு லாரி வந்து, உள்ளே நின்ற கார்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போனது. அவர் பார்த்து வைத்த காரும் அதில் போயிற்று.

யார் எடுத்துப் போனது? கடன் கொடுத்த நிதி நிறுவனம். இது பலருக்குத் தெரியாது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஷோரூமில் பளபளவென்று நிற்கும் கார்களில் பெரும்பகுதி டீலர் சொந்தப் பணத்தில் வாங்கியவை அல்ல. ஒரு நிதி நிறுவனம் கடன் கொடுத்து வாங்கி நிறுத்தியிருக்கும். ஒவ்வொரு கார் விற்றதும் அந்தக் காருக்கான கடனை டீலர் அடைக்க வேண்டும். தடுமாறும் டீலர் காரை விற்ற பிறகும் கடனை அடைக்காமல் பணத்தை வேறு பக்கம் திருப்புவார். முழு விலை கொடுத்து ஓட்டிக்கொண்டு போனவர்களுக்குக்கூட உரிமைப் பத்திரம் வராமல் நின்றுபோவது அப்படித்தான்.

ஆசிரியரின் பணம் எங்கே போனது? அவருக்கு முன்னால் புக்கிங் செய்தவரின் காரை வாங்கப் போனது. அவருடைய கார், அவருக்கு அடுத்து வருகிறவரின் பணத்தில் வர வேண்டியது. 1920ல் பாஸ்டன் நகரில் சார்ல்ஸ் போன்ஸி என்பவர், புதிய முதலீட்டாளரின் பணத்தைப் பழைய முதலீட்டாளருக்கு லாபம் என்று கொடுத்துப் பேர்போனார். இந்த டீலர் அதையே காரை வைத்துச் செய்தார். புதிய ஆள் வந்துகொண்டிருக்கும்வரை டெலிவரி நடக்கும். ஆகவே, "என் நண்பர் அங்கேதான் வாங்கினார், ஒழுங்காகக் கொடுத்தார்கள்" என்பது எதற்கும் சான்று ஆகாது. உங்கள் நண்பர் வரிசையில் முன்னால் நின்றார், அவ்வளவுதான்.

அந்த அழகான ஃபைலைப் புரட்டினேன். எல்லா ரசீதிலும் ஒரே வாசகம்: "கார் முன்பணம்." எந்தக் கார்? சேஸிஸ் நம்பர், அதாவது ஒவ்வொரு காருக்கும் தனியாக இருக்கும் அடையாள எண், இல்லை. தயாரிப்பு ஆண்டு இல்லை. டெலிவரி தேதி இல்லை. கடைசித் தொகை கம்பெனிக் கணக்குக்குக்கூடப் போகவில்லை, ஒரு தனிநபர் கணக்குக்குப் போயிருந்தது. "இதையெல்லாம் ஏன் சார் கேட்கவில்லை?" என்றேன். "கேட்டால் நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வார்களோ என்று கூச்சமாக இருந்தது" என்றார். இந்தக் கூச்சத்தை நம்பித்தான் அவர்கள் கடையே நடத்துகிறார்கள்.

சேஸிஸ் நம்பரில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? இங்கிலாந்தில் 1893ல் எழுதிய சரக்கு விற்பனைச் சட்டத்திலிருந்து வந்த ஒரு விதி இன்றும் பல நாடுகளில் இருக்கிறது. இன்ன பொருள் என்று அடையாளம் காட்டாதவரை, வாங்குபவருக்கு அதன் உரிமை மாறாது. "ஒரு வெள்ளைக் கார்" என்று எழுதினால் உங்களுக்கென்று உலகத்தில் எந்தக் காரும் இல்லை. நம்பரைப் போட்டு எழுதினால், "இந்தக் கார் எனக்கு" என்று வாதாட ஒரு பிடியாவது கிடைக்கும். அந்தப் பிடி நிச்சயமாகக் காப்பாற்றும் என்று சொல்லமாட்டேன். நிதி நிறுவனத்தின் உரிமை முன்னால் நிற்கக்கூடும். ஆனால் அந்த நம்பர் இன்னொரு வேலையும் செய்யும். கார் உண்மையிலேயே இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த எண் 17 இடங்கள் கொண்டது, எழுத்தும் இலக்கமும் கலந்து வரும். அதில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்று, சுழியம் என்ற இலக்கங்களோடு குழம்பிவிடும் என்று விட்டுவிட்டார்கள். தொலைபேசியில் ஒருவர் எண்ணை வாசிக்கும்போது நடுவில் "ஓ" என்றால், சுழியத்தை அப்படிச் சொல்கிறாரா என்று கேளுங்கள். இல்லை, எழுத்துதான் என்றால் சந்தேகப்படுங்கள். (ஜப்பானில் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த கார்களில் மட்டும் எண் குட்டையாக இருக்கும். பழைய ஜப்பான் கார் வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லப்படும் காருக்கும் எண் இருக்கும். கப்பலில் ஏறிவிட்ட காருக்கு எண் இன்னும் வரவில்லை என்றால், அது கப்பலில் இல்லை.

நீங்கள் காகிதம் தேடி எழுதிக்கொள்ள வேண்டாம், மறுபடி சொல்கிறேன். ரசீதில் சேஸிஸ் நம்பர். ரசீதில் டெலிவரி தேதி. பணம் கம்பெனிக் கணக்குக்கு மட்டும்.

ஆசிரியருக்குக் கொஞ்சம் பணம் திரும்பி வந்தது. எப்படி என்றால், முதல் தவணையைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தார். பொருள் வரவில்லை என்றால் கார்டு வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. பெரும்பாலும் பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள் என்பார்கள். "அடுத்த வாரம் சார், அடுத்த வாரம் சார்" என்று டீலர் இழுக்கும்போது அந்தக் கெடுவும் கரைந்துகொண்டே போகிறது. டெலிவரி தேதியை எழுதி வாங்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். பிரிட்டனில் இன்னும் வலுவான ஏற்பாடு இருக்கிறது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்கு மிகாமல் இருந்து, அதில் அட்வான்ஸை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், விற்றவரின் தவறுக்குக் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. கட்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும்! கேட்கும்போதே எனக்குப் பொறாமையாக இருக்கும்.

இன்னொன்று, பழைய காரை எக்ஸ்சேஞ்சாகக் கொடுக்கிறீர்களே, அதுவும் அட்வான்ஸ்தான். புதிய கார் வருவதற்கு முன்பே பழைய காரின் சாவியைக் கொடுத்துவிட்டால் அதை டீலர் அன்றைக்கே விற்றுவிடலாம். பழைய காரின் மேல் கடன் இருந்து, "அதை நாங்கள் அடைத்துவிடுகிறோம்" என்று சொல்லி அடைக்காமல் போனால், காரும் போய், தவணையும் நீங்களே கட்டிக்கொண்டிருப்பீர்கள். சாவிக்குச் சாவி மாற்றுங்கள். ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுங்கள்.

தனிநபர் போல வேடம் போடும் டீலர்களும் உண்டு. உரிமம் இல்லாதவர்கள். கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. போன் செய்து, எந்தக் கார் என்று சொல்லாமல், "கார் விஷயமாகப் பேசுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். "எந்தக் கார்?" என்று கேட்டால், அவரிடம் இருப்பது ஒரு கார் இல்லை.

சரி, வாங்குகிறவர் மட்டும் எவ்வளவுதான் விழித்துக்கொண்டிருப்பது? என் பிடிவாதத்துக்கே திரும்பி வருகிறேன். கார் கைமாறும்வரை அந்தப் பணம் டீலரின் செலவுக் கணக்குக்குள் போகக் கூடாது, தனிக் கணக்கில் நிற்க வேண்டும். நடக்காத காரியம் என்பவர்களுக்கு ஐரோப்பாவைக் காட்டுவேன். அங்கே சுற்றுலாத் தொகுப்புப் பயணம் விற்கிறவர் திவாலானால், முன்பணம் கட்டியவருக்குப் பணம் திரும்பக் கிடைக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 1990லேயே பொது விதி கொண்டுவந்தார்கள். பத்து நாள் பயணத்துக்கு இருக்கும் பாதுகாப்பு, பல வருடம் ஓட்டப்போகும் காருக்கு ஏன் இல்லை? கார் விற்பனையிலேயே வேறு வழி கண்டவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பதிவுபெற்ற டீலர்கள் பணம் போட்டு நடத்தும் இழப்பீட்டு நிதி ஒன்று உண்டு. தகுதியான வாடிக்கையாளருக்கு 45,000 கனடா டாலர் வரை கிடைக்கும். பதிவில்லாதவரிடம் வாங்கினால் ஒன்றும் கிடையாது. கலிஃபோர்னியாவில் பொதுவாக டீலர் உரிமம் வேண்டுமென்றால் 50,000 டாலருக்குப் பிணைப்பத்திரம் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரே சமயத்தில் நூறு பேர் ஏமாந்தால் அந்த 50,000 எந்த மூலைக்கு? தனிக் கணக்குதான் சரி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

செலவு கூடும் என்று டீலர்கள் சொல்வார்கள். கூடும்தான். ஆனால் இதனால் அதிகம் லாபம் அடையப்போவது நேர்மையான டீலர். பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து, பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ல் காட்டினார்: வாங்குபவருக்கு நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய வழி இல்லாத சந்தையில் கெட்டது நல்லதைத் துரத்திவிடும். காரைத் தரும் எண்ணமே இல்லாதவனால் எவ்வளவு வேண்டுமானாலும் விலையைக் குறைத்துச் சொல்ல முடியும். உண்மையாக விற்கிறவர் அவனோடு எப்படிப் போட்டி போடுவார்?

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஏமாந்த பிறகு என்ன செய்வது என்பதை நிதானமாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லி முடிக்கிறேன். கடை பூட்டியிருப்பதைப் பார்த்த அன்றே வங்கிக்கும் கார்டு நிறுவனத்துக்கும் எழுதுங்கள். பூட்டிய கதவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸில் புகார் கொடுங்கள், உங்களைப் போன்றவர்களைத் தேடிச் சேர்ந்தே கொடுங்கள். திவால் நடவடிக்கை தொடங்கினால், கெடுவுக்குள் உங்கள் பாக்கியைப் பதிவு செய்யுங்கள். பதியாதவருக்கு வரிசையின் கடைசி இடம்கூடக் கிடையாது. அப்புறம், "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கொஞ்சம் கட்டணம் கட்டுங்கள்" என்று ஒருவர் தாமாகவே போன் செய்வார். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. அவருக்கு ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.