திறப்பு யாரிடம்?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

ஊர்ச் சங்கங்களை நிலைக்க வைத்தது பணமா, ஆட்களா? பணம்தான் என்று பேசிவிட்டு அமர்ந்திருக்கும் அண்ணர், வெளிநாடு போனவர்கள் அனுப்பிய லண்டன் காசு, கனடாக் காசு என்று, அதில் எழும்பிய மண்டபங்களின் பெரிய பட்டியலே வாசித்தார். சரி, 1933இல் யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பாவுக்கு எந்தக் கனடாவிலிருந்து காசு வந்தது? தன் வீட்டிலிருந்த புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார் அந்த மனிதர். அதைக் கண்டு நாலு பேர் கூடினார்கள். 1934 ஆகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையும் 844 புத்தகங்களும் சேர்ந்தன. அடுத்த ஆண்டு நகரசபை பொறுப்பேற்றது. கட்டடம் 1959இல்தான் வந்தது. ஆள் முதலில், அலுமாரி பிறகு, மாடி அதற்கும் பிறகு. அதுதான் 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம்.

'யாழ்ப்பாணத்து மூளாய்க் கூட்டுறவு ஆஸ்பத்திரியில் மலேயாக் காசு இல்லையா?' என்று அண்ணர் கேட்கப் போகிறார், முகத்திலேயே தெரிகிறது. இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது மலேயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பென்சன்காரரின் காசு. காசோடு ஆளும் வந்து கூட்டத்தில் குந்தியிருந்தது, ஐயா!

போரின்போது அரசாங்கம் வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்துக்கு வாருங்கள். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத்தான் வெளிச்சம். அச்சுத்தாள் கிடைக்காமல் கொப்பித் தாளில் 'உதயன்' பேப்பர் வந்தது. அப்போதும் ஊர் வாசிகசாலைகளான சனசமூக நிலையங்களில் பேப்பர் வாசிக்க ஆட்கள் கூடினார்கள். முன்பக்கம் ஒருவர் கையில், உள்பக்கம் இன்னொருவர் கையில், மரண அறிவித்தலுக்கு மூன்றாமவர் காத்திருப்பார். கண் தெரியாத அப்புவுக்கு யாராவது உரத்து வாசிப்பார்கள். அவர்கள் இருந்து வாசித்த வாங்கைத் துடைத்து வைத்தவருக்கு யார் சம்பளம் கொடுத்தது?

இன்று காசு வருகிறது. மாபிள் பதித்த மண்டபம், வாசலில் நன்கொடையாளர் பெயர்க் கல், திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம். நல்லதுதான், நானும் போய் வடை சாப்பிட்டேன். ஆனால் எதிரணியின் அடுத்த பேச்சாளர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அண்ணர் வாசித்த பட்டியலில் உள்ள மண்டபங்களின் திறப்பு, அதுதான் சாவி, இப்போது யாரிடம் இருக்கிறது? காலையில் எத்தனை மணிக்கு வந்து திறக்கிறார்?