மூன்று யூனிட்டுக்கு இருபது வெள்ளியா? கரண்டு பில்லும் காப்பார் சிம்னியும்

வணக்கம் மக்களே, பசியாறிவிட்டீர்களா? நான் இன்னும் இல்லை. தே ஓ, அதாவது பால் விடாத தேநீர், அது மட்டும்தான் உள்ளே போயிருக்கிறது, அதுவும் ஆறிப்போய். வழக்கமாக ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்துதானே பேசுவேன்? இன்று சமையலறையில் இருக்கிறேன், ஏனென்றால் குற்றவாளி இங்கேதான் நிற்கிறார். அவரை அப்புறம் காட்டுகிறேன். முதலில் இந்தக் காகிதத்தைப் பாருங்கள். தெளிவாகத் தெரிகிறதா? 2025 ஜூலை மாதக் கரண்டு பில். நம் மலேசியாவில் புதுக் கட்டணம் வந்த பிறகு முதல் பில். எத்தனை யூனிட் என்று படியுங்கள்.

603.

600 இல்லை மக்களே, 603. இதை இரண்டு நாளாக வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, இப்போது நான் பில்லை எடுத்தாலே என் வீட்டுக்காரர் மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எங்கே ஓட முடியும்?

விஷயம் இதுதான். ஜூலை 1 முதல் பில்லைப் பிரித்துப் போடுகிறார்கள். கரண்டுக்கு யூனிட்டுக்கு 27.03 சென், மின் நிலையங்கள் தயாராக நிற்பதற்கு 4.55 சென், கம்பிக்கும் கம்பத்துக்கும் 12.85 சென். அதற்கு மேல் சில்லறைக் கட்டணம் என்று மாதம் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட். 600 யூனிட்டுக்குள் நின்றால் அந்தப் பத்து வெள்ளி இல்லை. தாண்டினால் உண்டு. அப்புறம், குறைவாகச் செலவழிப்பவர்களுக்கு ஊக்கக் கழிவு ஒன்று இருக்கிறது. 600 வரை வந்தால் யூனிட்டுக்கு 9 சென். 601 ஆனதும் 7.5 சென். அதுவும் தாண்டிய மூன்று யூனிட்டுக்கு மட்டும் இல்லை, முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் குறைந்துவிடும். அங்கே ஒரு ஒன்பது வெள்ளி போச்சு. தாண்டிய மூன்று யூனிட்டுக்கு எட்டு சதவீதச் சேவை வரி வேறு, அது ஒரு பத்து காசு, அதை நான் மன்னித்துவிட்டேன். அந்த மூன்று யூனிட்டின் விலையையும் சேர்த்து, ஆகக் கூடி மூன்று யூனிட்டுக்கு இருபது வெள்ளி! ஒரு யூனிட் கிட்டத்தட்ட ஏழு வெள்ளி. பாசார் மாலாமில், அதான் இரவுச் சந்தையில், ஏழு வெள்ளிக்கு ஒரு பொட்டலம் மீகோரெங் வாங்கலாம், மேலே முட்டையும் போடுவார்கள்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் மூத்தவள் கமென்டில் வந்து என் மானத்தை வாங்கிவிடுவாள். அவள் பழைய கட்டணத்தில் இதே 603ஐப் போட்டுப் பார்த்தாள். ஒரு வெள்ளி கூட வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் என்னை யாரும் ஏமாற்றவில்லை. 600இல் நின்றிருந்தால் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய லாபம் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் மனசு ஆறவில்லையே!

சரி, மூன்று யூனிட் எங்கே போனது? ஆடி மாதம். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினோம், சுங்கை சிப்புட்டிலிருந்து அத்தை குடும்பத்தோடு வந்து நான்கு நாள் தங்கினார்கள். அத்தைக்கு ஏர்கோன் 18இல் இருக்க வேண்டும், அதற்கு மேல் கம்பளியும் வேண்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை இந்தச் சேனலைப் பார்ப்பதில்லை, அதனால் இப்போது சொல்கிறேன்.

ஆனால் உண்மையான குற்றவாளி இவர்தான். கேமராவைத் திருப்புகிறேன். இந்த ஐஸ் பெட்டி. சத்தம் கேட்கிறதா? ராத்திரி மூன்று மணிக்கு லோரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி உறுமும். பழைய பார்வையாளர்களுக்கு இவர் எப்படி வந்தார் என்று தெரியும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் நல்ல ஐஸ் பெட்டி குப்புற மிதந்தது, அந்த வீடியோவைத்தான் இந்தச் சேனலில் அதிகம் பேர் பார்த்தீர்கள். அதற்குப் பதிலாகக் கிள்ளானில் செகண்ட் ஹேண்டில் இவரை வாங்கினோம். விலை மலிவு, வயிறு பெரிது. அந்த வெள்ளத்தில் நாடு முழுக்க 6.1 பில்லியன் ரிங்கிட் நஷ்டம் என்று புள்ளிவிவரத் துறை கணக்குக் கொடுத்தது. அதில் என் ஐஸ் பெட்டி சேர்ந்ததா என்று தெரியவில்லை, யாரும் வந்து கேட்கவில்லை.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரே மூச்சில் கொட்டும். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான் ரொம்ப தூரம் போக வேண்டாம். வீட்டு முன்னால் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனால் போதும், செம்பனை (பாமாயில்) மரங்களுக்கு மேலே காப்பார் மின் நிலையத்துச் சிம்னி தெரியும். சின்ன வயதில் அதைத்தான் மேகம் செய்கிற ஃபேக்டரி என்று நினைத்திருந்தேன்.

அந்த நிலையத்தைப் பார்த்தால் இந்த நாட்டின் எரிசக்திக் கதை பாதி புரிந்துவிடும். எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, மூன்றையும் எரிக்கத் தெரிந்த நிலையம் அது, எல்லாம் கட்டி முடித்தபோது மொத்தம் 2,420 மெகாவாட். ஏன் மூன்று? 1980இல் நம் கரண்டில் பத்துக்கு ஒன்பது பங்கு எண்ணெயில்தான் வந்தது. எழுபதுகளில் இரண்டு முறை உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறியதில் எல்லோரும் பயந்துபோனார்கள். 1981இல் நான்கு எரிபொருள் கொள்கை என்று கொண்டு வந்தார்கள். எண்ணெய், எரிவாயு, நீர், நிலக்கரி. ஒரே கூடையில் முட்டை எல்லாவற்றையும் வைக்கக் கூடாது என்று. அது நல்ல முடிவு, நான் குறை சொல்ல மாட்டேன். 2001இல் ஐந்தாவதாகப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியையும் சேர்த்தார்கள். 2005க்குள் ஐந்து சதவீதம் என்றார்கள். பக்கத்தில் கூடப் போகவில்லை. எண்ணெய் குறைந்தது, எரிவாயு ஏறியது, எரிவாயுவுக்கு இழுபறி வந்ததும் நிலக்கரி உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு நம் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நிலக்கரிதான்.

அந்த நிலக்கரி நம் ஊருடையது இல்லை. பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது, அப்புறம் ஆஸ்திரேலியா. 2022 ஜனவரியில் இந்தோனேசியா தன் நிலையங்களுக்கே போதவில்லை என்று ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. அடுத்த மாதம் உக்ரேன் போர். 2020இல் டன் நூறு டாலரைக் கூடத் தொடாத ஆஸ்திரேலிய நிலக்கரி 400 டாலரைத் தாண்டியது. நமக்குப் பில் ஏறியதா? ஏறவில்லை. ஏனென்றால் அரசாங்கம் கட்டியது. 2023இன் முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் 10.76 பில்லியன் ரிங்கிட். அது அரசாங்கத்தின் சட்டைப் பையா? நம் பைதான், வேறு பக்கத்துப் பை. அந்தக் காசில் எத்தனை பள்ளிக்கூடத்துக் கூரையில் சோலார் போட்டிருக்கலாம் என்று யோசித்தால் எனக்குத் தே ஓ கசக்கிறது.

இப்போது என் வேலை இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், 603 குறுக்கே வந்துவிட்டது. நான் செம்பனை மில்லில் லோரி எடை போடும் மேடையில் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவள், உங்களுக்குத் தெரியும். உள்ளே வருகிற லோரியில் குலை. வெளியே போகிற லோரியில் எண்ணெய், பருப்பு, அப்புறம் ஓடு. கொட்டையை உடைத்தால் வருகிற ஓடு, கறுப்பாக, சிரட்டைத் துண்டு மாதிரி இருக்கும். நன்றாக எரியும். எங்கள் மில் பாய்லரே நாரையும் ஓட்டையும் தின்றுதான் ஓடுகிறது. மில்லுக்குத் தேவையான கரண்டை அதிலேயே எடுத்துக்கொள்கிறோம், வெளியிலிருந்து ரொம்ப வாங்குவதில்லை.

மீதி ஓடு எங்கே போகிறது தெரியுமா? துறைமுகத்துக்கு. அங்கிருந்து ஜப்பானுக்கு. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு, 2012இல், இப்படிப்பட்ட எரிபொருளில் கரண்டு எடுப்பவனுக்கு நல்ல விலை தருவோம் என்று ஜப்பான் போட்ட சட்டம் நடப்புக்கு வந்தது. அவர்கள் போட்ட சட்டத்துக்கு என் மேடையில் லோரி ஏறுகிறது! போன செவ்வாய்க்கிழமை ஒரே காலையில் ஏழு லோரி ஓடு எடை போட்டேன். மதியம் மோட்டாரில் வீட்டுக்கு வரும்போது அந்தப் பக்கம் சிம்னி புகைகிறது. ஓடு கப்பல் ஏறி வடக்கே போகிறது, நிலக்கரி கப்பல் ஏறி இங்கே வருகிறது. இரண்டு கப்பலும் நடுக்கடலில் சந்தித்தால் என்ன பேசிக்கொள்ளும்?

உடனே யாராவது, அக்கா, எல்லா ஓட்டையும் இங்கேயே எரித்தால் நிலக்கரியே வேண்டாமா என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் மில் ஓடு அந்த நிலையத்துக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. அது எனக்கும் தெரியும். நான் சொல்வது, கொள்கை எங்கே இருக்கிறதோ அங்கே சரக்கு ஓடும் என்று.

இன்னொரு விஷயம், கழிவுநீர்க் குளம். ஒரு டன் குலை பிழிந்தால் அரை டன்னுக்கு மேல் பழுப்புத் தண்ணீர் வரும். அது திறந்த குளத்தில் நொதித்து, குமிழ் குமிழாக மீத்தேன் விடும். நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடு பிடிக்கிற வாயு. காற்று இந்தப் பக்கம் அடித்தால் நான் மேடையில் மூக்கை மூடிக்கொண்டுதான் பில் எழுதுவேன். 2014 முதல் புதிதாக வரும் மில்கள் அந்த வாயுவைப் பிடித்தே ஆக வேண்டும் என்று விதி. எங்கள் மில் அதற்கு முன்னால் கட்டியது. அதனால் குளம் திறந்துதான் கிடக்கிறது. ஆ, மறந்துவிட்டேன்! பில்லில் இன்னொரு வரி இருக்கிறது, 300 யூனிட்டுக்கு மேல் போனால் 1.6 சதவீதம் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு. அந்த நிதியிலிருந்துதான் வாயு பிடித்துக் கரண்டு விற்கிற மில்களுக்குக் காசு போகிறது. நான் அதற்கும் கட்டுகிறேன், குளத்து நாற்றத்தையும் முகர்கிறேன்.

தம்பி டீசலைப் பற்றிப் பேசச் சொன்னான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் 10ஆம் தேதி ராத்திரியோடு ராத்திரியாக 2.15 வெள்ளி 3.35 ஆனது. சபா, சரவாக்கில் ஏறவில்லை. மானியம் கடத்தல்காரனுக்குத்தான் போகிறது, நிறுத்தினால் வருடத்துக்கு நான்கு பில்லியன் மிச்சம் என்றார்கள். அதை நான் ஒத்துக்கொள்கிறேன், தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான், அவனுக்குக் காய்கறி ஏற்றுகிற பிக்கப் இருக்கிறது. மாதம் 200 வெள்ளி உதவி கிடைக்கிறது, போதவில்லை என்கிறான். அந்த டீசலில் பத்தில் ஒரு பங்கு நம் செம்பனை எண்ணெய்தான் என்று சொன்னால், அப்படியானால் எனக்குச் சொந்தக்காரன் விலை கொடு என்கிறான். பெட்ரோலை 1.99க்கு இறக்கப் போவதாகப் பிரதமர் 2025 ஜூலையில் சொன்னார், குடிமக்களுக்கு மட்டும், செப்டம்பர் கடைசியில். டீசல்காரன் முகத்தைப் பார்க்கணுமே!

கடைசியாக என் சொந்த முட்டாள்தனம். மார்ச்சில் ஒரு வீடியோ போட்டேன், சோலார் போடலாமா வேண்டாமா என்று. 112 பேர் போடுங்கள் என்று எழுதினீர்கள். பக்கத்து வீட்டு அக்கா போட்டுவிட்டார். அவர் கூரையில் மிச்சப்படுகிற ஒவ்வொரு யூனிட்டும் அவர் பில்லில் ஒன்றுக்கு ஒன்று கழியும், பத்து வருடத்துக்கு. நாங்கள் பேசினோம், பேசினோம், கூரைத் தகடு மாற்ற வேண்டும் என்றார் வீட்டுக்காரர், ஆள் வந்து பார்த்தான், பிறகு வரவே இல்லை. ஜூன் 30ஆம் தேதி அந்தத் திட்டம் முடிந்தது. ஜூலை 1ஆம் தேதி எனக்கு 603 தொடங்கியது. 2050க்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும், 2045க்குள் நிலக்கரி இருக்காது என்று 2023இல் திட்டம் போட்டிருக்கிறார்கள். நல்லது. அதுவரை இந்த ஐஸ் பெட்டி உயிரோடு இருந்தால் அதற்கு மாலை போடுகிறேன்.

அம்மா பின்னாலிருந்து என்னவோ சொல்கிறார். என்னம்மா? ... தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது ராத்திரி பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்களாம், பிறகு மண்ணெண்ணெய் விளக்குதானாம், யாருக்கும் 603 வந்ததில்லையாம். சரி அம்மா.

இன்று 2025 ஆகஸ்ட் 19. வாருங்கள், மீட்டரைப் பார்த்துவிட்டு முடிக்கிறேன். கேமரா ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் தேதிக் கணக்கைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள். அதைக் கழித்தால்... 358. பத்தொன்பது நாளுக்கு 358. மூத்தவளே, இதே மாதிரி போனால் 31ஆம் தேதி எவ்வளவு வரும்? ... 584? அடடா! சோறு சூடாக இருக்கட்டும் என்று யாரோ குக்கரைப் போட்டே வைத்திருக்கிறார்கள், அந்த சுவிட்சை அணை முதலில்.