ஒரு வினைச்சொல்லோடு கோணேசர் கோயில் வரை

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் ஆங்கிலம் கற்பிப்பவன் நான். இன்று ஒரேயொரு ஆங்கில வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு உங்களோடு கதைக்கப்போகிறேன். அந்தச் சொல் 'வோக்'. நட என்று பொருள்.

வெள்ளிக்கிழமைகளில் நான் கோணேசர் கோயிலுக்கு நடந்தே போவேன். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மரநிழலில் படுத்திருக்கும் மான்களைக் கடந்து, மேலே ஏறிப்போகும் பாதை. இப்போது நான் சொன்னதைக் கவனித்தீர்களா? 'நடந்தே போவேன்' என்றேன். போவேன் என்பது எதிர்காலம். ஆனால் நான் சொன்னது நாளை நடக்கப்போவதை அல்ல, என் வழக்கத்தை. தமிழில் வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவம் இயல்பாக வரும். அதனால்தான் நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் 'எவ்ரி ஃப்ரைடே ஐ வில் வோக்' என்று எழுதுகிறார்கள். பாடமாக்காததால் வந்த பிழை அல்ல அது. தமிழை வடிவாகத் தெரிந்திருப்பதால் வருவது. ஆங்கிலத்தில் வழக்கத்தைச் சொல்ல வெறும் 'ஐ வோக்' போதும். கோட்டை வாசலில் நிற்கும்போது வீட்டிலிருந்து தொலைபேசி வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டால் 'ஐ ஆம் வோக்கிங்'. நாளைக்கு நடப்பதானால் 'ஐ வில் வோக்'. தமிழில் 'நடக்கிறேன்' என்ற ஒரே சொல் முதல் இரண்டுக்கும் பொருந்திவிடும். ஆங்கிலத்தில் இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும்.

'அவள் நடக்கிறாள்' என்றால் 'ஷீ வோக்ஸ்'. கடைசியில் ஒரு 'ஸ்' ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இறந்தகாலத்தில் அதுவும் இல்லை. நடந்தேன், நடந்தாள், நடந்தார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 'வோக்ட்'. நம் வினைச்சொல் தன் வாலிலேயே ஆளைக் காட்டிவிடுவதால் 'நான்', 'அவள்' என்பதை நாம் விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் விட்டால் யார் நடந்தது என்றே தெரியாது.

சரி, அந்த 'வோக்ட்'டுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 'வோக்' போல ஒரே ஒழுங்கில் மாறும் வினைகளை ஒழுங்கு வினைகள் என்போம். அவற்றின் இறந்தகாலத்தை எழுதும்போது கடைசியில் 'ஈ', 'டி' என்று இரண்டு எழுத்துகள் சேரும். பார்த்தால் எல்லாச் சொல்லிலும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் பிள்ளைகள் 'வோக்கெட்', 'குக்கெட்' என்று வாசிக்கிறார்கள். உண்மையில் அந்த இரண்டு எழுத்துகளுக்கும் மூன்று ஒலிகள். முதலாவது, 'வட்டம்' என்ற சொல்லில் வரும் ட். இரண்டாவது, 'வண்டி'யில் வரும் ட். இரண்டையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. மூன்றாவது, தனி அசையாக வரும் 'இட்'.

எதில் எது என்று எப்படி அறிவது? தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள். 'வோக்' சொல்லி அந்தக் கடைசி 'க்'கில் நில்லுங்கள். விரலில் அதிர்வு இருக்காது. ஆகவே 'வோக்ட்'டில் வட்டத்தின் ட். 'ஹெல்ப்', 'வொஷ்', 'டான்ஸ்' எல்லாம் இதே வகை. இனி 'கோல்' சொல்லி 'ல்'லில் நில்லுங்கள். தொண்டை அதிரும். அங்கே வண்டியின் ட். உயிரொலியில் முடியும் 'ப்ளே'யும் அப்படித்தான். விளையாடினேன் என்பதை வட்டத்து ட் போட்டு முடித்தால் சோறு போடும் 'ப்ளேட்' ஆகிவிடும்! ஏற்கெனவே ட் ஒலியில் முடிகிற 'வெயிட்', 'நீட்' போன்றவற்றுக்கு மட்டும்தான் 'வெயிட்டட்', 'நீடட்' என்று அந்தத் தனி அசை.

இது நமக்குப் புதிதா? உண் என்பது உண்டேன் ஆகிறது, தின் என்பது தின்றேன் ஆகிறது, செய் என்பது செய்தேன் ஆகிறது. இறந்தகாலம் காட்டும் இடைநிலைகள் த், ட், ற், இன் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்லிவைத்திருக்கிறார். எந்தச் சொல்லோடு எது சேரும் என்று யாரும் நமக்குப் பாடமாக்கித் தரவில்லை. மூன்று வயதுப் பிள்ளை பிழையில்லாமல் சொல்கிறது. பக்கத்து ஒலிக்கேற்ப மாறும் வாலை இவ்வளவு நுட்பமாகப் பிடிக்கும் காதுக்கு ஆங்கிலத்தின் மூன்று ஒலிகள் சின்ன வேலை. அந்தக் காதை நம்பிக் கற்பிக்க வேண்டும் என்பதே என் ஆசை. பன்னிரண்டு காலங்களையும் கட்டம் போட்டு எழுதி, சாதாரண தரப் பரீட்சைக்கு முதல் நாள் ஒப்புவிக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று, 'ஹாவ்'. 'நடந்திருக்கிறேன்' என்றால் 'ஐ ஹாவ் வோக்ட்'. ஒழுங்கு வினையில் இது சுலபம். வோக்ட் வோக்டாகவே நிற்கும், முன்னால் 'ஹாவ்' மட்டும் சேரும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், 'போன வருஷம் அங்கே போயிருக்கிறேன்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் முடிந்துபோன ஒரு நாளையோ வருடத்தையோ குறிப்பிட்டுவிட்டால் 'ஹாவ்' வராது. கிண்ணியாப் பாலத்தை 2009இல் திறந்தார்கள். 'தே ஓபன்ட் த பிரிட்ஜ் இன் 2009'. வருடம் சொல்லியாயிற்று, ஆகவே 'ஹாவ்' இல்லை. பாலம் வந்துவிட்டது, இனிப் படகுக்காக நிற்க வேண்டாம் என்று ஊரிலுள்ளவர்கள் அன்று சொல்லியிருந்தால், 'தே ஹாவ் ஓபன்ட் த பிரிட்ஜ்'. திறந்த செயலின் பயன் பேசுகிறவரின் கைக்குக் கிடைத்துவிட்டது என்பதை அந்தச் சின்னச் சொல் காட்டுகிறது.

'ஹாட்' இன்னும் எளிது. நான் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்திருந்தது. அந்த 'முடிந்திருந்தது'தான் 'ஹாட் ஃபினிஷ்ட்'. இரண்டு பழைய செயல்களில் எது முந்தியது என்று சொல்ல நமக்கு 'இருந்தது', அவர்களுக்கு 'ஹாட்'.

இன்று இரவு சமையல் முடிந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தொண்டையில் விரல் வைத்து 'ஐ குக்ட்' என்று சொல்லுங்கள், வட்டத்து ட். அடுப்படியைத் துடைத்தீர்கள், 'ஐ க்ளீன்ட்', வண்டியின் ட். சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காத்திருந்தீர்களே, அதற்கு 'ஐ வெயிட்டட்'. அப்புறம் பிள்ளையைச் சொல்லவிட்டு, அதன் தொண்டையில் அது விரல் வைத்துப் பார்க்கட்டும்.

நன்றி, வணக்கம்.